வேலியில் காய்த்த மருந்து

வேப்பூர் கூட்டுரோட்டில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச்சந்தை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைக் கடலூரிலிருந்து சேலம் போகிற சாலை குறுக்கே வெட்டிச் செல்லும் இடம் என்பதால் நாலு திசையிலிருந்தும் ஆடுகள் வந்து இறங்கும். ஆடு மேய்த்தே வயதான மனிதர்களுக்குத் தெரியாத செடி இந்த வட்டாரத்தில் இருக்காது. எந்தத் தழையைக் காட்டினாலும் பெயரும் குணமும் சொல்வார்கள். ஒரு கொடியைக் காட்டினால் மட்டும் ஓரடி பின்வாங்குவார்கள். "அதுகிட்ட போவாத தம்பி. மேல பட்டா பொழுதுக்கும் சொறிஞ்சிகிட்டுக் கெடக்கணும்."

பூனைக்காலி அது. மழைக்காலத்தில் வேலியில் ஏறி, மூன்று மூன்று இலையாக விரிந்து, கத்தரிப்பூ நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூவைத் தொங்கவிடும். பனிக்காலத்தில் காய் முற்றும். விரல் நீளம், இரு முனையும் எதிரெதிராக வளைந்த உடம்பு, மேலே பொன்னும் பழுப்பும் கலந்த மயிர். பார்க்க வெல்வெட் துணிபோல அவ்வளவு அழகு. காற்று அடித்தால் அந்த மயிர் உதிர்ந்து தோலில் தைக்கும். அதிலிருக்கும் மியூக்குனைன் என்ற நொதி தோலின் நரம்பு முனைகளைக் கிளறிவிட, அரிப்பு தாங்க முடியாது. அரிப்பைப் பொறுத்துக்கொண்டு காயை உடைத்தால், உள்ளே மொச்சை போல் நாலைந்து விதைகள், மினுமினுப்பாக இருக்கும்.

அந்த விதையின் எடையில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஆறு பங்கு வரை ஒரே ஒரு வேதிப்பொருள். அதன் பெயர் எல்-டோபா. மருந்துக்கடையில் லெவோடோபா என்பார்கள். பார்க்கின்சன் நோய் எனும் நடுக்குவாதத்துக்கு இன்றுவரை இதைவிடச் சிறந்த மருந்து உலகில் இல்லை. 2019-இல் உலகெங்கும் 85 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களை எழுந்து நடக்கவைக்கிற பொருள் நம் வேலியில் காய்க்கிறது. பூனைக்காலி விதையிலிருந்து அதை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்ததும் நம் ஊரில்தான்: சென்னை, சேப்பாக்கம், 1937.

புருவம் சிறுத்த கதை

எனக்கு இந்த விதையின் மீது அக்கறை வந்தது சித்தப்பாவால். வேப்பூரிலிருந்து தினமும் பஸ் ஏறி விருத்தாசலம் போய், ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். களிமண் கூழை மோல்டில் ஊற்றி, காயவைத்து, சூளையில் சுட்டு எடுத்த பொம்மைகள் கடைசியில் அவர் கைக்கு வரும். கண்ணும் புருவமும் எழுதுவது அவர் வேலை. முடியளவு தூரிகையை ஒரே இழுப்பு இழுத்தால் வில் மாதிரி புருவம் விழும்.

ஒருநாள் பட்டறைக்காரர் பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்னண்ணே, வர வர புருவம் சிறுத்துக்கிட்டே போவுது?" வரிசையில் முதல் பொம்மைக்குப் புருவம் சரியாகத்தான் இருந்தது. பத்தாவது பொம்மைக்கு வரும்போது பாதியாகி, கடைசியில் எறும்பு ஊர்ந்த கோடாகி இருந்தது. வீட்டில் சித்தியின் குறை வேறு. "மொகத்துல ஒரு சிரிப்பக் காணோம். யாரு மேல இவ்ளோ கோவமோ, தெரியல." நடக்கும்போது இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தான் போடக் கால்மணி நேரம் ஆனது. கை நடுங்கத் தொடங்கியபோதும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வயசானா நடுங்கத்தான் செய்யும்." அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு வருடம் போய்விட்டது.

பிறகு போய்ச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் படம் ஏதும் எடுக்குமுன் ஒரு தாளை நீட்டினார். "அய்யா, உங்க பேரப் பத்து தடவ எழுதுங்க." முதல் பெயர் பெரிதாகவும் பத்தாவது பெயர் பொடியாகவும் வந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார்; நாலு தட்டுக்குப் பிறகு விரல் விரிவது குறைந்துகொண்டே போனது. பொம்மையின் புருவம் இரண்டு வருடமாகச் சொல்லிவந்ததையே அந்தத் தாளும் சொன்னது.

கறுப்பு வெளுக்கும் நோய்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆறு பேரை வைத்து எழுதியது; அவர்களில் சிலரை அவர் தெருவில்தான் பார்த்தார். நடையையும் நடுக்கத்தையும் கண்ணால் கவனித்தே நோயை அடையாளம் கண்டார். காரணம் அவருக்குத் தெரியாது.

காரணம் நடுமூளையில் இருக்கிறது. அங்கே இருபுறமும் மை தீட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று பெயர்; லத்தீனில் 'கரிய பொருள்' என்று அர்த்தம். அங்குள்ள சில லட்சம் நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, அசைவை ஆளும் மூளைப் பகுதிகளுக்கு அனுப்புகின்றன. கை நீட்ட வேண்டும் என்று நினைத்ததும் கை நீள்கிறதே, அந்த நினைப்புக்கும் அசைவுக்கும் நடுவே வேலை செய்கிற பொருள்களில் டோபமின் முக்கியமானது. அது குறைந்தால் அசைவு தொடங்கவே தயங்கும், தொடங்கினாலும் சுருங்கும். புருவம் சிறுத்ததும் முகம் உறைந்ததும் அதனால்தான். சித்தப்பாவுக்கு யார்மீதும் கோபம் இல்லை. சிரிக்க வேண்டிய தசைகளுக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை, அவ்வளவே.

இந்த நோயில் அந்த அணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கறுப்புப் பட்டை வெளுக்கிறது. ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதம் வடிவம் கெட்டு, அணுக்களுக்குள் உருண்டைகளாகத் திரள்கிறது. இவ்வுருண்டைகளை 1912-இல் விவரித்தவர் ஃபிரெடரிக் லேவி. அவற்றில் இருப்பது இன்ன புரதம் என்று தெரிந்தது 1997-இல். கை நடுங்கத் தொடங்கும் நாளில் ஏறக்குறையப் பாதி அணுக்கள் போயிருக்கும். அதுவரை மிச்சமிருந்தவை கூடுதலாக உழைத்துக் குறையை வெளியே தெரியாமல் மறைத்து வந்திருக்கின்றன.

சேப்பாக்கம், 1937

மருந்தின் கதை நோயின் கதையோடு சேராமல் வெகுகாலம் தனியாக நடந்தது. 1913-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்க்கஸ் குகன்ஹைம் என்ற வேதியியலாளர் ஒருவகை அவரையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தார். அதில் இரண்டரை கிராமைத் தானே விழுங்கிப் பார்த்தார். கடுமையான வாந்தி. வாந்தியைத் தவிர வேறு விளைவு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. பொருள் அலமாரிக்குப் போனது.

24 ஆண்டுகளுக்குப் பின், சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையை எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து எல்-டோபாவைத் தனியே பிரித்து, பிரிட்டனின் உயிர்வேதியியல் இதழான 'பயோகெமிக்கல் ஜர்னல்' 1937-ஆம் ஆண்டுத் தொகுதியில் அறிவித்தார்கள். நான்கு பக்கக் கட்டுரை. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் இந்த விதை பல காலமாக இருந்துவந்தது. நடுக்கத்தைக் கம்பவாதம் என்று ஆயுர்வேதம் அழைத்தது. ஆனாலும் விதைக்குள் இருப்பது இன்ன பொருள், மூளைக்குள் தீர்ந்துபோவது இன்ன பொருள், இரண்டுக்கும் உறவு இது என்று அன்று உலகில் எவரும் அறிந்திருக்கவில்லை. மூளையில் டோபமின் இருப்பதே தெரியவந்தது 1957-இல்தான்.

அந்தக் கொடி எல்-டோபாவைச் செய்வது நமக்காக அல்ல. விதையைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்ட அதற்கு அது ஒரு ஆயுதம்; வேர்வழியே கசியும் எல்-டோபா பக்கத்துச் செடிகளின் வளர்ச்சியையும் தடுக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் காணிக்காரர்கள் இவ்விதையைச் சமைப்பதுண்டு. ஒருமுறை வேகவைத்து நிறுத்த மாட்டார்கள். தண்ணீரை மாற்றி மாற்றிப் பலமுறை வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் தின்பார்கள். எல்-டோபா காற்றுப்பட்டால் கறுக்கும் குணமுடையது. மெலனின் நிறமியாக மாறும். நடுமூளையின் கறுப்பும் டோபமினிலிருந்து உண்டாகும் நிறமிதான். மலைவாசிகள் கொட்டும் கறுத்த நீரும் நம் மூளையின் கறுப்புப் பட்டையும் வேதியியலில் பங்காளிகள்.

காது தொங்கிய முயல்கள்

முடிச்சு அவிழ இன்னொரு இந்தியச் செடி தேவைப்பட்டது. சர்ப்பகந்தி. அதன் வேரிலிருந்து 1952-இல் ரெசெர்பைன் என்ற மருந்து பிரிக்கப்பட்டது. மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1949-இலேயே பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் எழுதியிருந்தார். ரெசெர்பைன் சாப்பிட்ட சிலருக்கு அழுத்தம் குறைந்ததோடு உடம்பும் விறைத்தது, கை நடுங்கியது.

சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் 1957-இல் முயல்களுக்கு ரெசெர்பைன் ஊசி போட்டார். துள்ளித்திரிந்த முயல்கள் காதைத் தொங்கவிட்டு, அசைவற்றுக் குந்தின. அவற்றுக்கு எல்-டோபா செலுத்தினார். கால்மணி நேரத்துக்குள் காது நிமிர்ந்தது, முயல்கள் எழுந்தன. முதலில் தொங்கிய காதுகள், அடுத்ததில் நிமிர்ந்த காதுகள் என்று அவர் எடுத்த இரண்டு புகைப்படங்களும் மருத்துவ வரலாற்றில் நிலைத்துவிட்டன. ஒரு செடியின் பொருள் மூளையின் டோபமினை வடித்தது. இன்னொரு செடியிலும் இருக்கிற பொருள் அதை நிரப்பியது. இந்த வழியில் செய்த ஆய்வுகளுக்காகக் கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

வியன்னாவில் ஓலே ஹார்னிகேவிட்ஸ் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தார். அவர் பயன்படுத்திய முறையில் டோபமின் இருந்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். நோயில்லாதவர்களின் மூளைச் சாற்றில் நிறம் ஏறியது. நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் சாற்றில் நிறம் ஏறவே இல்லை. அளவெடுக்கும் கருவிகூட வேண்டியிருக்கவில்லை, கண்ணுக்கே தெரிந்தது. அது 1960-இல் வெளிவந்தது. மறு ஆண்டு ஜூலையில், மருத்துவர் வால்டர் பிர்க்மையர் நோயாளிகளுக்கு எல்-டோபாவை ரத்தநாளத்தில் ஊசியாகப் போட்டார். படுக்கையில் எழுந்து உட்காரவும் முடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள். சில மணி நேரத்தில் பழைய நிலை திரும்பியது. ஆனாலும் வழி தெரிந்துவிட்டது.

அதே காலத்தில் சென்னை அரசு பொது மருத்துவமனை இன்னொரு வழியில் போராடிக்கொண்டிருந்தது. சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி 1950-இல் அங்கே நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கியவர். அவரும் பாலசுப்பிரமணியம், கல்யாணராமன் ஆகியோரும் மண்டையில் சிறு துளையிட்டு, கணக்கிட்ட ஓர் ஆழத்தில் ஊசிமுனை அளவு இடத்தைச் செயலிழக்கச் செய்து நடுக்கத்தைக் குறைத்தார்கள். நல்ல மாத்திரை இல்லாத காலத்தில் தமிழ்நாட்டு நோயாளிகளுக்கு அதுதான் பெரிய நம்பிக்கை.

மாத்திரை வந்தது ஜார்ஜ் கொட்சியாஸால். 1967-இல் நியூயார்க்கில் அவர் மருந்தை வாய்வழியே, சிறு அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்தார். வாந்தி அடங்கியது, பலன் நின்றது. 1937-இல் சேப்பாக்கத்தில் பிரித்தெடுத்த பொருள் நோயாளியின் அன்றாட மருந்தாக முப்பது ஆண்டுகள் ஆகின.

விதையைத் தின்னலாமா?

டோபமின்தானே குறைகிறது, அதையே கொடுத்தால் என்ன? கொடுத்தால் மூளைக்குள் போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே இறுக்கமான ஒரு தடுப்பு இருக்கிறது. டோபமினை அது உள்ளே விடாது. எல்-டோபா ஒரு அமினோ அமிலம். உணவுப் புரதத்தின் அமினோ அமிலங்களை ஏற்றிச் செல்கிற வாசல் வழியே அதுவும் உள்ளே போய்விடும். போன பிறகு டோபமினாக மாறும். ஒரே வாசல் என்பதால் நெரிசலும் உண்டு. முட்டை, பருப்பு, கறி சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போட்டால் சிலருக்கு அது சரியாக வேலை செய்யாது. சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போடச் சொல்வது அதற்காக. மூளையை எட்டும் முன்பே உடம்பில் எல்-டோபா டோபமினாக மாறிவிட்டால் குமட்டும். குகன்ஹைம் வாந்தி எடுத்தது அதனால்தான். இன்றைய மாத்திரையில் கூடவே சேர்க்கப்படும் கார்பிடோபா அந்த மாற்றத்தை வெளியிலேயே தடுத்து நிறுத்துகிறது.

பூனைக்காலி விதைத் தூளையும் மருத்துவர்கள் முறைப்படி சோதித்திருக்கிறார்கள். 1978-இல் இந்திய ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். லண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், 30 கிராம் விதைத் தூள் மாத்திரையைவிட விரைவாக வேலை செய்யத் தொடங்கியது, கூடுதல் நேரம் பலன் தந்தது. எட்டுப் பேரிடம் கிடைத்த முடிவை எல்லோருக்கும் பொருத்த முடியாது. அதோடு, ஒரு விதையில் மூன்று சதவீதம், இன்னொன்றில் ஆறு சதவீதம் என்றால், இன்று அரை மருந்து, நாளை இரட்டை மருந்து என்றாகிவிடும். அளவு மீறினால் வாந்தி, தலைசுற்றல், இல்லாததைக் காணும் மயக்கம், உடம்பு தானே நெளிவது எல்லாம் வரும். வேலியில் பறித்து அரைத்துக் குடிக்கிற சமாச்சாரம் அல்ல இது. விதையைக் கும்பிடுவோம், மருந்தை மருத்துவர் கையால் வாங்குவோம்.

மாத்திரைக்கும் எல்லை உண்டு. தீர்ந்த டோபமினை அது நிரப்பும். அணுக்கள் சாவதை நிறுத்தாது. சில ஆண்டுகள் போனபின் பலன் நேரம் குறையும், வேண்டாத அசைவுகள் தலைகாட்டும். அணு சாவதையே தடுக்கும் மருந்தைத்தான் இப்போது உலகம் தேடிக்கொண்டிருக்கிறது.

வேப்பூருக்குத் தெரிய வேண்டியவை

அணுக்கள் ஏன் சாகின்றன என்ற கேள்விக்கு 1982-இல் எதிர்பாராத ஒரு தடயம் கிடைத்தது. கலிபோர்னியாவில் போதை மருந்து என்று நம்பித் தப்பான சரக்கை ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் ஒரே வாரத்தில் முதிய நடுக்குவாத நோயாளிகள்போல் உறைந்துபோனார்கள். எம்பிடிபி என்ற மாசு அவர்கள் நடுமூளையின் கறுப்பு அணுக்களை மட்டும் தேடிக் கொன்றிருந்தது. மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் இதைக் கண்டறிந்தார். அதன் நச்சு வடிவமும் பாராக்வாட் என்ற களைக்கொல்லியும் அமைப்பில் ஒத்தவை. அமெரிக்க விவசாயக் குடும்பங்களிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், பாராக்வாட்டைக் கையாண்டவர்களிடம் நடுக்குவாதம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அதற்கு அனுமதி இல்லை. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் நம் வட்டாரத்தில் வெறும் உடம்போடு, வாய்க்குத் துணிகூட இல்லாமல் மருந்தடிப்பதை இந்தச் செய்தியோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

இரண்டாவது தடயம் மண்டையில் படும் அடி. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 3 லட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தலையில் லேசான காயம் பட்டவர்களுக்கே பிற்காலத்தில் நடுக்குவாதம் வரும் வாய்ப்பு 56 சதவீதம் கூடியிருந்தது. அடிபட்ட எல்லோருக்கும் வந்துவிடும் என்பது இதன் பொருள் அல்ல, பெரும்பாலோருக்கு வராது. ஆனால் மண்டைக்குள் பட்ட அடி அன்றோடு ஆறி முடிவதில்லை, மூளையில் அழற்சியாகவும் புரதத் திரளாகவும் பல ஆண்டுகள் அது தொடரலாம் என்பது ஆய்வு சொல்லும் பாடம். இரண்டு பெரிய சாலைகள் வெட்டிக்கொள்ளும் கூட்டுரோட்டில் ஹெல்மெட்டை வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிற பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும்.

சித்தப்பா மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். சித்தி அன்று அழுதது எனக்கு நினைவிருக்கிறது. பழைய வில் புருவம் திரும்பவில்லை. ஆனால் பேரனுக்காக ஒரு பொம்மைக்குக் கண் எழுதிக் கொடுத்தார். முன்பே வந்திருந்தால் பட்டறை வேலையை இன்னும் கொஞ்ச காலம் பார்த்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

1937-க்கும் 1967-க்கும் இடையிலான முப்பது ஆண்டுகள் உலகம் அறியாமல் கடந்தவை; அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. சித்தப்பா இழந்த இரண்டு ஆண்டுகள் அப்படியல்ல. மருந்து விருத்தாசலத்துக் கடையிலேயே இருந்தது. நடுவில் நின்றது "வயசானா நடுங்கத்தான் செய்யும்" என்ற எங்கள் பேச்சுதான்.

உங்கள் வீட்டுப் பெரியவரைப் பாருங்கள். கையெழுத்து சிறுத்திருக்கிறதா? நடக்கும்போது ஒரு கை வீசாமல் நிற்கிறதா? முகத்தில் சிரிப்பு குறைந்திருக்கிறதா? பூ வாசமும் குழம்பு வாசமும் தெரியவில்லை என்கிறாரா? தூக்கத்தில் கத்திக் கையைக் காலை உதைக்கிறாரா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் காத்திருக்காதீர்கள், நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது அவர் முன்பு எழுதிய ஒரு பழைய கடிதத்தையோ கணக்கு நோட்டையோ கூடவே எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அது உதவும்.